ஏறக்குறைய அனைவருக்கும்

நாச்சிமுத்துவின் நகல் இருநூற்றுப் பதினான்காம் நாள் இறந்துபோகும் என்று திரை காட்டியபோது, நாச்சிமுத்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். அன்று பரிசோதனையின் நூற்று அறுபத்து மூன்றாம் நாள்.

தமயந்தி அந்த எண்ணைப் பார்த்திருக்கவே கூடாது. கோவையில் அந்த மருத்துவமனை நடத்திய மருந்துப் பரிசோதனைக்கு அவள் ஒருங்கிணைப்பாளர். நோயாளிகளைச் சேர்ப்பது, ஒப்புதல் பாரத்தை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது, மாத்திரை பாட்டில் கொடுப்பது, வாரம் ஒருமுறை குழாயில் ஊதச் சொல்லி மூச்சை அளப்பது எல்லாம் அவள் வேலை. நகல்களின் விவரம் மட்டும் அவள் கண்ணில் படாதபடி பூட்டியிருந்தார்கள். முந்தின நாள் மென்பொருளைப் புதுப்பித்தவர்கள் பூட்ட மறந்துவிட்டார்கள். நாச்சிமுத்துவின் பெயரைத் தட்டியதும் இரண்டு கோடுகள் வந்து நின்றன. நீலம் அவருடைய மூச்சு. சிவப்பு அவருடைய நகலின் மூச்சு.

இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன.

ஐந்தரை மாதத்துக்கு முன் பல்லடத்தில், பஞ்சாலைத் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் வைத்து அவள்தான் நகலைப் பற்றி எல்லோருக்கும் விளக்கியிருந்தாள். பல வருடம் பஞ்சுத் தூசியை மூச்சில் இழுத்து, நுரையீரல் நார் கட்டிப் போனவர்கள் அத்தனை பேரும்.

"முன்னெல்லாம் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை குடுத்துதான் ஒரு மருந்து வேலை செய்யுதான்னு பார்ப்பாங்க. இப்ப அது வேண்டியதில்லைங்க. உங்க ஸ்கேன், ரத்தம், மூச்சு எல்லாத்தையும் வெச்சு கம்ப்யூட்டர்ல உங்கள மாதிரியே ஒரு நகல் செஞ்சிருவோம். மருந்து உங்க எல்லாருக்கும். மருந்து சாப்பிடாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நகல் காட்டிரும்."

"அப்ப என்ற நகலுக்குத்தான் மாவு மாத்திரைங்களா?" என்று முன்வரிசையிலிருந்து ருக்குமணி கேட்டாள்.

"அதுக்கு மாவுகூடக் கிடையாதுங்க அக்கா."

"பாவமுங்க அது," என்றாள் ருக்குமணி. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கு இருமல் வந்து, அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

பக்கத்தில் இருந்த அவள் கணவர் நாச்சிமுத்து சிரிக்கவில்லை. "நகலு காட்டறது சரிதான்னு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டார்.

"அதெல்லாம் பெரிய பெரிய ஆளுங்க பார்த்து முடிவு பண்ணிட்டாங்க அண்ணா," என்றாள் தமயந்தி. அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

இப்போது தமயந்தி வேறு ஆறு பேரின் பெயரைத் தட்டிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் சிவப்பு கீழே இறங்க, நீலம் மேலேயே நின்றது. ருக்குமணியின் திரையில்தான் இடைவெளி எல்லோரையும்விட அகலம். அவள் நகல் ஆக்சிஜன் குழாயோடு படுக்கையில் விழுந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ருக்குமணியோ அன்று காலை லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் இரண்டு மாடி ஏறி வந்திருந்தாள்.

தமயந்தி எழுந்து டாக்டர் சாதிக்கின் அறைக்குப் போனாள். பரிசோதனையின் தலைமை மருத்துவர் அவர். அவள் சொன்னதைக் கேட்டதும் முதலில் கோபப்பட்டார்.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பூட்டு திறந்து கிடக்கு சார். அத அப்புறம் திட்டுங்க. நாச்சிமுத்து கோடும் நகல் கோடும் ஒண்ணாவே ஓடுது."

"சில பேருக்கு மருந்து கேக்காது, தமயந்தி."

"கேக்காட்டியும் அங்க இங்க கொஞ்சமாவது விலகும்ல சார். இது நூல் பிடிச்ச மாதிரி ஓடுது. மருந்து உள்ளயே போகாத மாதிரி இருக்கு. ஆனா பாட்டில் வாரா வாரம் காலியாத்தான் திரும்பி வருது."

சாதிக் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பன்னிரண்டு பேருக்கு வெறும் மாத்திரை," என்றார்.

அவளுக்கு உடனே விளங்கவில்லை.

"நூத்தி இருபது பேர்ல பன்னிரண்டு பேர். நகல் சொல்றது நிஜம்தானான்னு ஒத்துப் பார்க்கணும்னா சில பேர் மருந்தில்லாம இருந்தே ஆகணும். இல்லாட்டி நகலை எவன் நம்புவான்? யார் அந்தப் பன்னிரண்டுன்னு எனக்கே தெரியாது. ஆனா அப்படிச் சில பேர் இருப்பாங்கன்னு எல்லாருக்கும் சொல்லித்தானே சேர்த்தோம். பாரத்துலயே இருக்கே."

"பாரத்துல இல்ல சார். நூத்தி இருபது பேருக்கும் வாசிச்சது நான். 'அனைவருக்கும் மருந்து வழங்கப்படும்'னுதான் இருக்கு."

சாதிக் ஆங்கில மூலத்தைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். பதினொன்றாம் பக்கத்தில் 'ஆல்மோஸ்ட் ஆல்' என்று இருந்தது.

தமயந்திக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சென்னையிலிருந்து வந்த மொழிபெயர்ப்பில் 'ஏறக்குறைய அனைவருக்கும்' என்றுதான் இருந்தது. அதை முதலில் ஐந்து பேருக்கு வாசித்துப் பார்க்கச் சொன்னார்கள். வாசித்தாள். ஐந்து பேரும் அந்த இடத்தில் நிறுத்தி, "ஏறக்குறையன்னா என்னங்க?" என்று கேட்டார்கள். அவளுக்குப் பதில் தெரியவில்லை. வக்கீல்கள் பாதுகாப்புக்காகப் போட்டு வைக்கிற வார்த்தை என்று நினைத்தாள். சிவப்புப் பேனாவால் அதை அடித்து, 'எளிமைப்படுத்தப்பட்டது' என்று ஓரத்தில் எழுதி அனுப்பினாள். இரண்டே நாளில் சரி என்று முத்திரை குத்தி வந்துவிட்டது. யாரும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

தமயந்தி திரையை அவர் பக்கமே திருப்பினாள். 

"உயிருக்கு ஆபத்துன்னா ஒருத்தருக்கு என்ன ஒதுக்கினாங்கன்னு நான் திறந்து பார்க்கலாம்," என்றார் சாதிக். இரண்டு முறை கடவுச்சொல் கொடுத்தார். காரணம் கேட்ட இடத்தில் ஒரு வரி தட்டினார். திரையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நிஜ மருந்து."

"யாருக்கு சார்?"

"நாச்சிமுத்துக்கு. முதல் நாள்லேர்ந்து நிஜ மருந்துதான்."

 பிறகு தமயந்தி, "ருக்குமணி அக்காவோடது பாருங்க சார்," என்றாள்.

"அந்தம்மா நல்லாத்தானே இருக்காங்க. அவங்களுக்கு என்ன ஆபத்து?"

"பாருங்க சார்."

அவர் திறந்தார். வெறும் மாத்திரை என்று இருந்தது.

தமயந்தி தன் மேசைக்கு ஓடிப் போய் பக்க விளைவுப் பதிவேட்டை எடுத்து வந்தாள். எல்லாம் அவள் கையெழுத்து. நாச்சிமுத்து, ஆறாம் நாள்: சோறு கசக்கிறது, குமட்டல். இருபதாம் நாள்: குமட்டல் நின்றுவிட்டது. ருக்குமணி, இருபத்து மூன்றாம் நாள்: சோறு கசக்கிறது, குமட்டல். அன்று ருக்குமணி சிரித்துக்கொண்டே, "அவியளுக்கு இருந்தது எனக்குத் தொத்திக்கிச்சாட்ட இருக்குதுங்க," என்று சொன்னதையும் எழுதி, பக்கத்தில் 'தொடர்பில்லை' என்று குறித்திருந்தாள்.

சாதிக் அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தார். 

வெளியே ருக்குமணி ஸ்கேன் வரிசையில் நிற்கப் போயிருந்தாள். நாச்சிமுத்து தனியாக இருந்தார். தமயந்தி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, உங்க ரெண்டு பேருக்கும் மாத்திரை எடுத்து வெக்கறது யாருங்க?"

"நாந்தானுங்க. அவளுக்குப் பொடி எழுத்துத் தெரியாது."

"பாட்டிலை எப்ப மாத்துனீங்க?"

அவர் காகிதக் கோப்பையைக் கசக்கிக் கையில் வைத்துக்கொண்டார். பதில் வரத் தாமதமானது. பதிலை மறைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தாள். உண்மையில் அவர் பேசுவதற்கு மூச்சு சேர்த்துக்கொண்டிருந்தார்.

"பதினெட்டாம் நாளுங்க அம்மிணி."

"இதுல மாவு மாத்திரை இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா? எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

"யாரும் சொல்லலீங்க. நான் மில்லுல முப்பத்து நாலு வருசம் பிட்டரு. நூலு முறுக்கை அளக்கறதுக்குப் புதுசா மீட்டரு வந்தா, அதை அப்படியே நம்பிர மாட்டமுங்க. நூல் சுத்தற கதிருல நாலைத் தனியா ஓடவுட்டு, கையில அளந்து ஒத்துப் பார்ப்போம். நீங்க நகலுன்னு சொன்னப்பவே, இதுலயும் யாரோ நாலு பேரைச் சும்மா ஓடவுட்டுத்தான் பார்ப்பாங்கன்னு பட்டுச்சு. அதைத்தான் கேட்டேன். பெரிய ஆளுக பார்த்துட்டாங்கன்னீங்க. சரி, உங்களுக்கும் தெரியலையாட்டன்னு உட்டுட்டேன்."

தமயந்தியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஒரு வாரத்துல எனக்குச் சோறு கசந்துச்சுங்க. மருந்து அப்படித்தான் பண்ணும்னு நீங்க சொல்லியிருந்தீங்க. அவளுக்கு ஒண்ணுமே இல்ல. இன்னும் பத்துப் பன்னண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். அப்ப அவ மூச்சு என்னுதவிட மோசமுங்க. அடுப்படியில இருந்து குழாய்க்குப் போறதுக்குள்ள ரெண்டு எடத்துல உக்காருவா."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே அண்ணா."

"சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் நிறுத்தியிருப்பீங்க. இல்லீங்களா?"

விதி அப்படித்தான் இருந்தது. அவளே அதை அவருக்கு வாசித்திருந்தாள்.

"இன்னிக்கு ராத்திரியிலிருந்து உங்க மாத்திரைய நீங்க சாப்பிடுங்க. நான் மேல எழுதப் போறேன். எழுதாம இருக்க முடியாது."

"எழுதுங்க. அவளுக்கு நெச மாத்திரை கைக்கு வரட்டும். அப்புறம் என்றதை நான் தின்னுக்கறேன். அதுக்கு முன்னால மாட்டனுங்க." கொஞ்சம் நிறுத்தி, "என்ற நகலு எப்படிங்க இருக்குது?" என்று கேட்டார்.

தமயந்தி ஸ்கேன் அறைப் பக்கம் பார்த்தாள். 

"சரி, உடுங்க," என்றார் அவர்.

ருக்குமணி வரிசையைத் திட்டிக்கொண்டே வேகமாக நடந்து வந்தாள். கையில் இரண்டு பன் வாங்கி வைத்திருந்தாள்.

தமயந்தி இரண்டு விஷயங்களையும் எழுதினாள், பாட்டில் மாறியதையும், தான் அடித்த வார்த்தையையும். இரண்டாவதை எழுதினால் வேலை போகலாம் என்று சாதிக் எச்சரித்தார். அதை எழுதாமல் முதலாவதை மட்டும் எழுத அவளால் முடியவில்லை. நான்காம் நாள் நெறிமுறைக் குழு கூடியது. மருந்து நிறுவனத்தின் ஆள் காணொளியில் வந்து, இன்னும் இரண்டு மாதம் போனால் நகலின் துல்லியம் நிரூபணமாகிவிடும், பன்னிரண்டு பேரையும் அதுவரை அப்படியே விடலாம் என்று கேட்டார். குழுத் தலைவி, "அந்தப் பன்னிரண்டு பேர் பேரும் உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றார். பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டு உண்மையைச் சொல்லி, விரும்புகிறவர்களுக்கு அன்றே நிஜ மருந்து கொடுக்க வேண்டும் என்று குழு எழுதியது. தமயந்திக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. புதிய பாரத்தை அவளே வாசிக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது.

நூற்று அறுபத்தெட்டாம் நாள் சாதிக்கின் அறையில் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். சாதிக் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். ருக்குமணி குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை.  அழுவாள் என்று தமயந்தி எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை.

"எத்தனை நாளுங்க?"

"நூத்தி அம்பது நாள்," என்றார் சாதிக்.

ருக்குமணி கணவர் பக்கம் திரும்பினாள். "என்னைக் கேட்டீங்களா?"

"ருக்கு, நீ அப்ப இருந்த நெலமைக்கு..."

"கேட்டீங்களா?"

அவர் இல்லை என்று தலையசைத்தார்.

"எல்லாத்தையும் எங்கிட்டக் கேட்டுத்தான் செய்வீங்க. என்ன கொழம்பு வெக்கறதுன்னுகூட என்னைக் கேப்பீங்க. இதைக் கேக்கலையா?" அவள் தமயந்தியைப் பார்த்தாள். குரல் உயரவில்லை. "நீங்க மருந்துன்னு சொல்லி மாவக் குடுத்தீங்க. இவிய சொல்லாமயே மருந்தக் குடுத்தாங்க. என்ற வாய்க்குள்ள என்ன போகுதுன்னு என்னைத் தவிர எல்லாத்துக்கும் தெரிஞ்சிருக்குது."

"எனக்குத் தெரியாதுங்க அக்கா," என்று தமயந்தி சொல்லப் போனாள். சொல்லாமல் பாரத்தை எடுத்து வைத்தாள்.

"படிங்க. ஒரு வார்த்தையும் உடாதீங்க," என்றாள் ருக்குமணி.

முப்பத்து நான்கு பக்கம். இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. ருக்குமணி ஒவ்வொரு பக்கத்திலும் நிறுத்திக் கேள்வி கேட்டாள். தெரியாத இடத்தில் தமயந்தி தெரியாது என்று சொன்னாள். கடைசியில் ருக்குமணி கையெழுத்துப் போட்டாள். எழுந்தபோது கணவருக்குக் கை கொடுக்கவில்லை. நாச்சிமுத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்தார்.

ஒன்பது நாள் அவள் அவரோடு பேசவில்லை. அடுத்த வாரம் வந்தபோது இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதற்கடுத்த வாரம் அந்த நாற்காலியில் அவளுடைய பை இருந்தது. பைக்குள் இரண்டு பேருடைய பாட்டிலும். இப்போது மாத்திரை எடுத்து வைப்பது ருக்குமணிதான். நேரம் வந்ததும் அவர் நாக்கில் மாத்திரையை வைப்பாள், தண்ணீர் கொடுப்பாள், வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்ப்பாள். பாட்டில் மேல் ஒட்டியிருந்த பெயரைப் படிக்க ஒரு கண்ணாடி வாங்கியிருந்தாள்.

அந்த மருந்து நார் கட்டுவதைத் தடுக்கும், கட்டிப்போனதை அவிழ்க்காது. சாதிக் இதை நாச்சிமுத்துவிடம் மறைக்காமல் சொன்னார். நூற்றுத் தொண்ணூறாம் நாள் அவருக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்தார்கள்.

இருநூற்றுப் பதினான்காம் நாள் தமயந்தி விடுப்பு எடுத்துக்கொண்டு பல்லடத்துக்குப் பஸ் ஏறினாள். ஏன் போகிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. வீட்டு வாசலில் நின்று, உள்ளே பார்க்கப் பயந்து, ஆக்சிஜன் இயந்திரத்தின் சத்தம் கேட்ட பிறகே செருப்பைக் கழற்றினாள். நாச்சிமுத்து கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க அம்மிணி, இன்னிக்கு ஊதற கெழமை இல்லீங்களே."

"சும்மாதானுங்க அண்ணா வந்தேன்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "இன்னிக்குத்தானுங்களா?"

பொய் சொல்ல நினைத்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

"போயிருச்சுங்களா அது?"

"காலையில அஞ்சரைக்கு."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே கால். ஒரு மூச்சு இழுத்து, அடுத்த மூச்சுக்குக் காத்திருந்து, "ருக்கு," என்று உள்ளே குரல் கொடுத்தார். "அம்மிணி கோயமுத்தூருல இருந்து வெறும் வயித்தோட வந்திருக்கறாங்க. சோறு போடு."

அதன் பிறகு பதினேழு நாள் இருந்தார்.

எட்டு மாதம் கழித்துப் பரிசோதனையின் முடிவைச் சொல்வதற்கு எல்லோரையும் அதே சங்கக் கட்டடத்துக்கு அழைத்தார்கள். மருந்து பலன் தந்திருக்கிறது, அனுமதிக்கு அனுப்பியிருக்கிறோம் என்று சாதிக் சொன்னார். கைதட்டினார்கள். அச்சடித்த ஒரு தாளை எல்லோருக்கும் கொடுத்தார்கள். கூட்டம் கலைந்த பிறகும் ருக்குமணி முன்வரிசையிலேயே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளைப் பார்த்தபடி இருந்தாள். தமயந்தி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இதுல 'மருந்துப் பிரிவுல இறந்தவர் நாலு'ன்னு போட்டிருக்குது. அதுல அவியளும் ஒண்ணுங்களா?"

"ஆமாங்க அக்கா."

"அவிய எங்க தின்னாங்க? கடைசி ரெண்டு மாசந்தான தின்னாங்க."

"யாருக்கு எதை ஒதுக்கினாங்களோ அதன்படிதான் எண்ணணும்ங்கறது விதிங்க. இஷ்டத்துக்கு மாத்தி எண்ண ஆரம்பிச்சா எந்த முடிவையும் நம்ப முடியாது. அதனால அவரு மருந்து சாப்பிட்டு இறந்தவரு கணக்குல வருவாரு. நீங்க மருந்தில்லாமயே நல்லா இருக்கறவங்க கணக்குல."

ருக்குமணி அதைக் கேட்டுக்கொண்டாள். கோபப்படவில்லை. தாளின் அடியில் இருந்த பொடி எழுத்தில் விரலை வைத்தாள்.

"இது என்னங்க?"

தமயந்தி குனிந்து வாசித்தாள். அதை அவள் எழுதவில்லை. பரிசோதனை விதி மீறப்பட்டால் காரணம் குறிக்கும் பட்டியலில் மறதி, பிழை, கவனக்குறைவு என்று மூன்றுதான் உண்டு. நிறுவனத்தில் யாரோ ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"'இரு பங்கேற்பாளர்களின் மாத்திரைகள் இடம் மாறின. காரணம்: கவனக்குறைவு.'"

"கவனக்குறைவா?"

"அப்படித்தானுங்க போட்டிருக்காங்க."

"நூத்தி அம்பது நாளுங்க," என்றாள் ருக்குமணி. "காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. எனக்குத் தெரியாம. ஒரு நாள் கை மாறிப் போகலைங்க. அதுக்கு இவிய வெச்ச பேரு கவனக்குறைவுங்களா?" தாளை மடித்துத் தமயந்தியின் கையில் கொடுத்தாள். "இதை அடிச்சுப்போட்டு வேற எழுதச் சொல்லுங்க."

"என்னன்னு எழுதச் சொல்றதுங்க அக்கா?"

 நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள். அவள் எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"தெரிஞ்சேதான் பண்ணுனாருன்னு எழுதச் சொல்லுங்க," என்றாள்.